பழ ஈயின் குடல் தன்னைத்தானே ரிப்பேர் செய்வது எப்படி? அதில் நமக்கு என்ன இருக்கு?

வாழைப்பழம் கொஞ்சம் கனிந்தால் போதும், கிச்சனில் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே குட்டி ஈக்கள், அவற்றின் குடலைத்தான் உலகெங்கும் விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். 'ஈக்குடலில் அப்படி என்னப்பா இருக்கு?' என்று கேட்டால், பதில் நம் வயிற்றில் இருக்கிறது.

ஏன் ஈ?

மனிதக் குடலின் உள் அடுக்கு 3 முதல் 5 நாட்களில் புதுப்பிக்கப்படுகிறது. இந்த வேலையைச் செய்பவை ஸ்டெம் செல்கள். ஆனால், உயிருள்ள மனிதரின் குடலில் ஒவ்வொரு செல்லாகப் பின்தொடர முடியாது. ஈயில் முடியும். முட்டையிலிருந்து முழு ஈயாக சுமார் 10 நாள்தான். மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறத்தாழ 75 சதவீதத்துக்கு ஈயிலும் இணை உண்டு.

எப்போது தெரியவந்தது?

வளர்ந்த ஈயின் குடலில் புதிய செல்கள் உருவாவதில்லை என்றுதான் முன்பு பரவலாக நினைத்தார்கள். 2006-இல் இரண்டு குழுக்கள் அதை மாற்றின. மிச்செல்லி, பெர்ரிமோன் ஒரு பக்கம். ஓல்ஸ்டீன், ஸ்பிராட்லிங் இன்னொரு பக்கம். ஈயின் நடுக்குடலில் ஸ்டெம் செல்கள் இருப்பதை இரு குழுக்களும் 'நேச்சர்' இதழில் காட்டின.

ரிப்பேர் எப்படி நடக்கிறது?

ஸ்டெம் செல் இரண்டாகப் பிரியும்போது, பொதுவாக ஒன்று ஸ்டெம் செல்லாகவே தங்கும். மற்றது உணவை உறிஞ்சும் செல்லாகவோ ஹார்மோன் சுரக்கும் செல்லாகவோ மாறும். எதுவாக மாறுவது என்பதில் 'நாட்ச்' என்ற சிக்னலுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதைத் துண்டித்தால் முதிராத செல்கள் குவிந்துவிடும்.

கெட்ட பாக்டீரியாவோ, பிளியோமைசின் போன்ற புற்றுநோய் மருந்தோ குடலைத் தாக்கினால் என்ன ஆகும்? அடிபட்ட செல்கள் சும்மா சாவதில்லை. 'ஆள் அனுப்பு' என்பதுபோல ஒரு புரதத்தை வெளியிடுகின்றன. அது ஸ்டெம் செல்லில் 'ஜாக்-ஸ்டாட்' என்ற பாதையை முடுக்கிவிட, செல்கள் வேகமாகப் பிரிந்து ஓட்டையை அடைக்கின்றன. இதே பாதை நம் உடலிலும் உண்டு. பெருங்குடல் அழற்சிக்குத் தரப்படும் டோஃபாசிட்டினிப் மாத்திரை தடுப்பது இந்த 'ஜாக்' புரதங்களைத்தான்.

அப்படியானால், நிறையப் பிரிந்தால் நல்லதுதானே?

இல்லை. விஷயமே இங்கேதான். வயதான ஈயில் ஸ்டெம் செல்கள் தேவைக்கு மேல் பிரிகின்றன. புதிய செல்கள் சரியாக முதிர்வதில்லை. நாளடைவில் குடல் சுவர் கசியத் தொடங்குகிறது. இதைச் சோதிக்க, உணவில் நீலச் சாயம் கலப்பார்கள். குடல் கசிந்தால் ஈ முழுவதும் நீலமாகிவிடும். கார்ட்டூன் நினைவில் இதற்கு 'ஸ்மர்ஃப்' சோதனை என்றே பெயர். நீலமான ஈக்கள் சீக்கிரமே இறந்துவிடுகின்றன.

2010-இல் வந்த ஆய்வு ஒன்றில், பிரிதலை மிதமாகக் குறைத்தபோது ஈக்களின் ஆயுள் கூடியது. முழுக்க நிறுத்தினால் அந்தப் பலன் இல்லை. 'ஏபிசி' என்ற மரபணு கெட்டால் ஈயின் ஸ்டெம் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். மனிதர்களின் பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் கெட்டிருப்பதும் இதே மரபணுதான்.

இதில் நமக்கு என்ன?

ஈயில் கண்டது எல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தாது. நமக்கிருக்கும் ஆன்டிபாடி தயாரிக்கும் நோய் எதிர்ப்பு அமைப்பு ஈக்குக் கிடையாது. ஆனால் ஒரு பாடம் உறுதி: ஸ்டெம் செல் என்பது ஆக்சிலரேட்டர் மட்டுமல்ல, பிரேக்கும் சேர்ந்ததுதான்.

'எந்த நோய்க்கும் ஸ்டெம் செல் ஊசி' என்ற விளம்பரம் உங்கள் ஃபீடில் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, குறிப்பிட்ட சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான அங்கீகரிக்கப்பட்ட ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர, மற்றவை ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கின்றன. முறையான மருத்துவப் பரிசோதனை ஆய்வுக்குள் மட்டுமே அவற்றைச் செய்யலாம். பணம் கட்டும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி: இந்த சிகிச்சைக்கு அங்கீகாரம் இருக்கா?