கண் கண்ட சாட்சி

நாஞ்சில் நாட்டு ஊர்களில் மரமேறி விழுந்து கை முறிந்தவரையும் மூட்டுப் பிசகியவரையும் வர்ம ஆசானிடம் அழைத்துச் செல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆசான் விரலால் தடவியே எலும்பின் நிலையை உணர்வார்; விலகியதைச் சேர்த்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என வர்ம நூல்கள் வகுத்துரைக்கின்றன. ஆயினும் ஏட்டைப் படித்தவரெல்லாம் ஆசானாகிவிடுவதில்லை, விரல் பழகவேண்டும்.

ஏட்டினும் நேர்க்காட்சியே மேலானது என்பதை உலகுக்கு நிறுவிக் காட்டிய முஸ்லிம் அறிஞர் ஒருவரை நாம் இங்கே நினைவுகூர்கிறோம். அவர் 1162இல் பக்தாதில் பிறந்த அப்துல் லத்தீஃப் அல் பக்தாதீ. அவர் எகிப்தில் வாழ்ந்த காலத்தில் நைல் நதி போதிய அளவு பெருகாமற் போயிற்று. 1200 முதல் 1202 வரை கொடும் பஞ்சம் நிலவியது, மாண்டோர் எண்ணிலடங்கார். கெய்ரோவை அடுத்த அல் மக்ஸ் என்னுமிடத்தில் எலும்புக்கூடுகள் குன்றெனக் குவிந்து கிடந்தன.

கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது கிரேக்க மருத்துவ மேதை ஜாலீனூஸின் கூற்று. ஆயிரம் ஆண்டுகளாக அதை ஐயுற்றார் அரியர். பக்தாதீயோ 2,000க்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்தார். ஒன்றிலேனும் பொருத்துவாயைக் காணவில்லை. கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று துணிந்து எழுதினார். பிறக்கும்போது இரு பாதியாக உள்ள அது, முதல் ஆண்டிலேயே ஒன்றிவிடுகிறது என்பதை இன்று நாம் அறிவோம். ஒன்றியிருப்பதாலேயே இரு செவிகளின் முன்னுள்ள மூட்டுகளும் ஒருங்கே இயங்குகின்றன.

வளர்ந்த மனிதனின் 206 எலும்புகளும் இத்தகைய ஒழுங்கிலேயே அமைந்துள்ளன. தோள்மூட்டின் குழி ஆழமற்றது. ஆகவே கை எத்திசையிலும் சுழல்கிறது, அதனாலேயே எளிதில் நழுவவும் செய்கிறது. இடுப்பு மூட்டின் குழி ஆழமானது. உடலைத் தாங்குவதற்கு அவ்வுறுதி வேண்டும்.

பக்தாதீ ஜாலீனூஸை இகழவில்லை. ஆசானை மதிப்பது வேறு. ஆசான் சொன்னார் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வது வேறு. நம் வீடுகளிலோ, ஊடுகதிர்ப் படம் வீண் செலவு என்பாரும் உளர். நாட்டு வைத்தியம் முழுவதும் பொய் என்பாரும் உளர். இரு சாராரும் பாராமலே பேசுகின்றனர். கட்டு இறுகி, விரல் மரத்து நிறம் மாறினால் உடனே அவிழ்த்து மருத்துவமனைக்கு விரையவேண்டும். தயங்கினால் உறுப்பையே இழக்க நேரும். அந்த வேளையில் பிடிவாதம் துணை வராது.

மனிதனின் ஒவ்வொரு மூட்டுக்கும் அன்றாடம் தர்மம் கடமை என்று அறிவித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அம்மூட்டின் உண்மை நிலையைக் கண்டறிந்து காப்பதும் அந்த நன்றிக் கடனைச் சேர்ந்ததே.