உமா ஓயா: விலாங்கு மீனுக்கு அடைபட்ட வழி

மகாவலி என்றதும் வடக்கு கிழக்கில் வாழும் எமக்குக் காணியும் குடியேற்றமும்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்த ஆற்றின் மீன்களுக்கு என்ன நேர்ந்தது என்று நாம் அதிகம் பேசுவதில்லை. பதுளை மாவட்டத்தின் உமா ஓயாவை உதாரணமாக வைத்து அதை விளக்க விரும்புகிறேன்.

உமா ஓயா வெலிமடைப் பக்கமாகப் பாய்ந்து, ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் மகாவலியுடன் சேர்கிறது. மகாவலி மூதூர் அருகே கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. ஊவாவின் தேயிலை மலைகளையும் திருகோணமலைக் கடலையும் இணைத்த இந்த நீர்வழி விலாங்குக்கு உயிர்வழி. விலாங்கு நன்னீரில் முட்டையிடாது. ஆழ்கடலில் பிறக்கும் குஞ்சுகள் கழிமுகத்தால் ஆற்றில் ஏறி, பல ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்காகக் கடலுக்குத் திரும்பும்.

1990 இல் இயங்கத் தொடங்கிய ரந்தம்பே அணை இந்த வழியைக் கீழ்ப்புறத்தில் மறித்தது. மேற்புறத்தில் வந்தது உமா ஓயா பல்நோக்குத் திட்டம். ஈரான் நிறுவனம் கட்டிய 120 மெகாவாட் திட்டமான இது, 2024 ஏப்ரல் 24 அன்று திறந்துவைக்கப்பட்டது. புஹுல்பொலவில் மறிக்கப்படும் நீர் சுரங்கத்தால் டயரபா நீர்த்தேக்கத்துக்கும், அங்கிருந்து 15 கிலோமீற்றருக்கும் அதிகமான சுரங்கத்தால் நிலத்தடி மின்நிலையத்துக்கும் போகிறது. பின்னர் அது மகாவலிக்குத் திரும்பாமல் கிரிந்தி ஓயாவில் விடப்படுகிறது.

இத்தகைய அணைகளால் மீன்கள் மூன்று வகையில் பாதிக்கப்படுகின்றன. முதலாவது, ஏறவும் இறங்கவும் வழியில்லை. இறங்கும் பெரிய விலாங்குகள் சுழலியில் சிக்கி வெட்டுப்படலாம். இரண்டாவது, அணைக்குக் கீழே நீர் குறைந்தால் கற்களிடையே வேகநீரில் வாழும் சிறுமீன்கள் இருப்பிடம் இழக்கின்றன. மூன்றாவது, தேங்கிய நீர் வேறு மீன்களுக்கு வசதியாகிறது. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா அவற்றில் முதன்மையானது. வன்னிக் குளங்களில் எமக்குச் சோறு போட்ட மீன் அது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் நீர்த்தேக்கத்தில் மீன் பெருகுவதால் ஆற்று மீன் பிழைத்துவிட்டது என்று ஆகாது.

மனிதருக்கும் இதில் இழப்புண்டு. ஓடையில் தூண்டில் போட்டுப் பிடிக்கும் மீன், லயன் குடும்பத்துக்குக் காசில்லாமல் கிடைக்கும் கறி. நீர்த்தேக்கத்தில் பிடிக்கத் தோணியும் வலையும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். இத்திட்டம் நிலத்தடி நீரையும் விட்டுவைக்கவில்லை. 2014 டிசெம்பரில் சுரங்கத்துக்குள் நீர் பெருக்கெடுத்ததைத் தொடர்ந்து பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன.

கட்டிய அணையை நாளைக்கே உடைக்கச் சொல்லவில்லை. விலாங்குக் குஞ்சு ஈரமான, சொரசொரப்பான சரிவில் ஊர்ந்து ஏறக்கூடியது. அப்படியொரு சிறு சரிவுப்பாதையை அணையோரம் அமைக்கலாம். சுரங்க வாயிலில் மீன் நுழையாத கம்பித்தடுப்பு வைக்கலாம். கோடையிலும் ஆற்றில் குறைந்தபட்ச நீரைக் கட்டாயமாக விடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2007 இலேயே விலாங்குகள் கடலுக்குத் திரும்புவதை உறுதிசெய்யச் சட்டம் இயற்றியது.

எத்தனை மெகாவாட் என்று கேட்பதுபோல, அணைக்குக் கீழே ஆற்றில் எவ்வளவு நீர் விடப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வெலிமடைக்கு மட்டும் உரியதல்ல; அதே நீர் போய்ச்சேரும் மூதூருக்கும் உரியது.