குழந்தை எப்போ சிரிக்கணும், நடக்கணும், பேசணும்? எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

"ஒன்றரை வயசாச்சு, இன்னும் நடக்கலையே?" என்று கேட்டால், "அவன் அப்பனும் லேட்டாதான் நடந்தான், விடு" என்பார் பாட்டி. பல நேரம் பாட்டி சொல்வது சரியாகவே இருக்கும். சில நேரம் தப்பாகிவிடும்.

கள்ளக்குறிச்சி டவுனில் இருப்பவர்கள் சந்தேகம் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். கல்வராயன் மலைக் கிராமத்தில் இருப்பவருக்கு, மலை இறங்கி ஏறவே ஒரு நாள் கூலி போய்விடும். அப்படியானால் எதற்கு காத்திருக்கலாம், எதற்கு காத்திருக்கவே கூடாது? பார்க்கலாம்.

எந்த வயதில் என்ன?

• 2 மாதம்: முகம் பார்த்துச் சிரிக்கும்
• 4 மாதம்: தலை நிற்கும்
• 6 மாதம்: குப்புற விழும், பொருளை எட்டிப் பிடிக்கும்
• 9 மாதம்: பிடிக்காமல் உட்காரும், பேர் சொன்னால் திரும்பும்
• 1 வயது: பிடித்துக்கொண்டு நிற்கும், அம்மா, அப்பா என்று கூப்பிடும்
• ஒன்றரை வயது: தானாக நடக்கும், சில வார்த்தைகள் பேசும்
• 2 வயது: 'பால் தா' என இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசும்
• 3 வயது: கேள்வி கேட்கும், பதில் சொல்லும்

எல்லாக் குழந்தைக்கும் ஒரே தேதி கிடையாது. இந்தியா உள்பட 5 நாடுகளில் ஆய்வு செய்து உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, குழந்தை தனியாக நடக்கும் வயது சுமார் 8 மாதத்தில் இருந்து 17½ மாதம் வரை மாறுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளில் இருந்து எண்ணாமல், டாக்டர் சொன்ன பிரசவ தேதியில் இருந்து வயதைக் கணக்கிட வேண்டும்.

காத்திருக்கவே கூடாதவை

3 மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, சத்தத்துக்கு அசைவே இல்லை, 5 மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால் உடனே காட்டுங்கள். பேசிய பேச்சோ, நடந்த நடையோ திடீரென்று நின்றுபோனால், எந்த வயதாக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

யாரிடம் கேட்பது?

இதற்காகத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை. புதன்கிழமை தடுப்பூசி போடப் போகும்போதே செவிலியரிடம் கேட்கலாம். 9 மாத ஊசியும், 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் ஊசியும் இதற்குச் சரியான நேரம்.

2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே திட்டத்தில், மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும். வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால், மாவட்ட அளவிலான ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சிகிச்சை இலவசம். குழு வரும் நாளை அங்கன்வாடி பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் இருந்து பல குடும்பங்கள் கேரளா, கர்நாடகாவுக்கு தோட்ட வேலைக்குப் போகின்றன. அப்படிப் போகும்போது பரிசோதனை விட்டுப்போகும். அதனால் தாய்-சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள், திரும்பி வந்ததும் அங்கன்வாடியில் காட்டுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்?

முதல் 3 வருடத்தில்தான் மூளை வேகமாக வளர்கிறது. உதாரணமாக, காது கேட்காத குழந்தைக்குப் பேச்சும் வராது. அதை 1 வயதுக்குள் கண்டுபிடித்தால் காது கருவி, பயிற்சி மூலம் பேச வைக்க வாய்ப்பு அதிகம். 5 வயதில் தெரிந்தால் அதே பயிற்சி ரொம்பக் கஷ்டம்.

கேட்டுப் பார்த்து "ஒண்ணும் இல்லை" என்று சொன்னால் நிம்மதி. அதற்காகவாவது ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.