செத்தால் என்ன ஆகும்?

இணைய வேட விளையாட்டுகளில் எது உசத்தி என்று யார் கேட்டாலும், நான் முதலில் பார்ப்பது கிராஃபிக்ஸை அல்ல. அதில் செத்தால் என்ன ஆகும் என்பதைத்தான்.

1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’ வெறும் எழுத்தாலான உலகம். அங்கே சண்டையில் செத்தால் பாத்திரமே அழிந்துவிடும். 1997-ல் வந்த ‘அல்டிமா ஆன்லைன்’ விளையாட்டில் கொன்றவர் பிணத்தைத் துழாவி இருப்பதைச் சுருட்டிக்கொண்டு போகலாம். தொல்லை பொறுக்காமல் 2000-ல் கொலைக்கு இடமில்லாத இரட்டை உலகம் ஒன்றைச் சேர்த்தார்கள். 1999-ன் ‘எவர்க்வெஸ்ட்’டில் செத்தவர் வேறிடத்தில் வெறுங்கையோடு எழுவார், வாளும் கவசமும் பிணத்தோடு கிடக்கும். அரக்கர்கள் நடுவே போய் மீட்க நண்பர்களைக் கெஞ்ச வேண்டும். 2004-ல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ பிடியைத் தளர்த்தியது. ஆவியாக ஓடிப்போய் உடலில் புகுந்துகொள்ளலாம். கவசத்தைச் செப்பனிடக் கொஞ்சம் காசு, அவ்வளவுதான்.

பழைய ஆட்கள் இதைக் குழந்தை விளையாட்டு என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. எவர்க்வெஸ்டில் அந்தக் கெஞ்சல் நட்பை வளர்த்தது. வார்கிராஃப்டின் தளர்வு, வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுகிறவரையும் உள்ளே விட்டது. 1996-லேயே பார்ட்டில் ஆட்டக்காரர்களை நான்காகப் பிரித்துக் காட்டினார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், பிறரை வீழ்த்த வருபவர். இவர்களில் யாருக்காகக் கட்டிய உலகம் என்று கேட்காமல் மதிப்பெண் போடுவது, சடுகுடு விதியை வைத்துக்கொண்டு கேரம் ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்வதுதான்.