பல்பு வாங்கியது யார்? அவமதிப்பு வழக்குச்சொற்களில் எழுவாயின் இடம்

கலாய்த்தல், ஓட்டுதல், வாருதல், கழுவி ஊற்றுதல், பல்பு வாங்குதல் ஆகியவற்றை ஒரே பொருள் தரும் சொற்களாகக் கொள்வது பொருந்தாது. ஒவ்வொன்றும் யாரை எழுவாயாக்குகிறது என்று பார்த்தால், பழி யார் தலையில் விழுகிறது என்பது புலப்படும்.

‘மீட்டிங்ல செம பல்பு வாங்கினான்’ என்பதில் எழுவாய் அவமானப்பட்டவன். அவமதித்தவரை ‘மேனேஜர்கிட்ட’ என்று வேண்டுமானால் சேர்க்கலாம். விட்டாலும் தொடர் குறைபடாது. மொக்கை, நோஸ்கட், டோஸ், திட்டு, செருப்படி எல்லாம் இதே ‘வாங்கு’ வினையோடு வருகின்றன. செயப்பாட்டுவினை பேச்சில் அரிது, அதன் வேலையை ‘வாங்கு’ செய்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். அது பாதி உண்மையே. ‘திட்டப்பட்டான்’ என்பதில் இல்லாத ஒரு தொனி ‘திட்டு வாங்கினான்’ என்பதில் உண்டு: அவனே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டான் என்பது. ‘உனக்கு இது தேவையா?’ என்ற கேள்வி உடனே பின்தொடர்வது அதனால்தான். ‘பல்பு கொடுத்தான்’ என்றும் சொல்வதுண்டு. ஆனால் அது கொடுத்தவனுக்குப் பெரும்பாலும் பாராட்டு.

‘கலாய்’, ‘ஓட்டு’ இரண்டும் செய்தவனை வெளிப்படையாக நிறுத்துகின்றன. ஆனால் செயலை விளையாட்டாக்கிவிடுகின்றன. ‘சும்மா கலாய்ச்சேன் மச்சி’ என்றால் கணக்கு முடிந்தது. எதிராளி முகம் சுளித்தால், ‘சீரியஸா எடுத்துக்கிட்டான்’ என்று குற்றம் அவன் மேல் திரும்பும். தொல்காப்பியம் நகையின் நான்கு நிலைக்களன்களில் எள்ளலை முதலில் வைக்கிறது. உரையாசிரியர் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதோடு, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவதையும் அதில் அடக்குகிறார். கூர்மையான பார்வைதான். அந்தச் சிரிப்பு விருப்பமா கட்டாயமா என்பதை மட்டும் இலக்கணம் கேட்கவில்லை.

அவமதித்தவனையே குற்றவாளியாக்கும் சொற்களும் உள்ளன: ‘எடுத்தெறிஞ்சு பேசினான்’, ‘டா போட்டான்’. இவை முறையிடுபவரின் சொற்கள். எனினும் எல்லாராலும் முறையிட முடிந்ததில்லை. இளையவன் மூத்தவரை ‘டா’ போட்டால் அது பஞ்சாயத்துக்குரிய செய்தி; நரைத்த தலித் முதியவரை ஆதிக்க சாதிச் சிறுவன் ஒருமையில் விளித்தது பல ஊர்களில் வெறும் வழக்கம். ஊர்ப்பேச்சு பெயரிட மறுத்த அவமதிப்புக்குச் சட்டம் பெயரிட வேண்டியிருந்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பொதுப் பார்வையில் அவமதிப்பதைக் குற்றமாக்கியது.

ஆனால் அங்கும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். ‘சும்மா’ என்ற சொல் மறுப்பதும் அந்த நோக்கத்தைத்தான். இந்த இடத்தில் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு பகடிவதை (ராகிங்) தடைச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. முந்தைய ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து வந்த சட்டம் அது. கேலியையும் குறும்பு விளையாட்டையும் பகடிவதைக்குள் அடக்கி, ஒரு செயல் மாணவருக்கு அச்சமோ வெட்கமோ உண்டாக்கியதா, உண்டாக்கக்கூடியதா என்பதையே அதன் வரையறை அளவுகோலாக்குகிறது. கலாய்த்தவனின் விளக்கத்தை விட்டு, கலாய்க்கப்பட்டவருக்கு நேர்ந்ததைப் பார்க்கும் வரையறை இது.