அம்மாவுக்குச் சம்பளம்: கொரோனா மாற்றிய ஒரு விதி

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. காபியோ டீயோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

வெண்டிலேட்டர்ல இருக்கிற பிள்ளையை வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கற அம்மாவுக்கு அரசாங்கம் மணிக்கு இவ்வளவுன்னு சம்பளம் தரணுமா? கேட்டதும் "பெத்த பிள்ளையைப் பாத்துக்கக் கூலியா?"ன்னுதான் முதல்ல தோணும். அமெரிக்க விதிகளும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைச்சுது. முன்பின் தெரியாத ஒரு பெண் வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டி, டியூபில் உணவு கொடுத்தா அரசுப் பணத்தில் சம்பளம் உண்டு. அதே வேலையை அம்மா செஞ்சா கிடையாது.

2020-ல் கொரோனா வந்து இந்த விதியைத் தூக்கி ஓரமா வெச்சுது. அது எப்படி நடந்தது, அப்புறம் என்ன ஆச்சு என்பதுதான் இந்தப் பதிவு. ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை வேணும்.

இது வேலையே இல்ல!

அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் நாடு முழுக்கச் சட்டமானது 1938-ல், ரூஸ்வெல்ட் காலத்தில். அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு வீட்டு வேலைக்காரங்களுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் கிடைக்கலை. தென் மாநிலங்களில் இந்த ரெண்டு வேலையையும் பெரும்பாலும் செஞ்சவங்க கறுப்பின மக்கள். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

1974-ல் சட்டத்தைத் திருத்தி வீட்டு வேலை செய்யறவங்களை உள்ளே சேர்த்தாங்க. சேர்க்கும்போதே ஒரு ஓட்டையும் போட்டாங்க. வயசானவங்களுக்கும் முடியாதவங்களுக்கும் "துணையா" இருக்கிறவங்களுக்கு மட்டும் ஓவர்டைம் கிடையாது! பக்கத்து வீட்டுப் பொண்ணு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் குழந்தையைப் பாத்துக்கற பேபிசிட்டிங்கோட இதையும் ஒரே பட்டியலில் வெச்சாங்க. அடுத்த வருஷம் வந்த தொழிலாளர் துறை விதி, ஏஜென்சிகள் சம்பளம் கொடுத்து அனுப்பற ஆட்களுக்கும் இதே கதிதான்னு சொல்லிடுச்சு.

இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர் எவலின் கோக். ஜமைக்காவில் இருந்து நியூயார்க் வந்து, ஏஜென்சி மூலமா பல வருஷம் நோயாளிகளை வீட்டில் பாத்துக்கிட்டவர். சில நாட்களில் 24 மணி நேர ஷிப்ட். ஓவர்டைம் கிடையாது. 2007-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராத் தீர்ப்பு சொல்லிச்சு. ஒன்பது நீதிபதிகளில் ஒருத்தர் கூட அவர் பக்கம் நிக்கலை. 2009-ல் அவர் இறந்தார். ஒபாமா காலத்தில் 2013-ல் விதியை மாத்தினாங்க, வழக்குகளைத் தாண்டி அது நிஜமாவே நடைமுறைக்கு வந்தது 2015 கடைசியில்.

கேட்டி பெக்கெட்

இன்னொரு பக்கம், ஏழைகளுக்கும் ஊனமுற்றவர்களுக்குமான மெடிகெய்ட் திட்டம். 1965-ல் ஆரம்பிச்சது. இதில் அப்போ ஒரு விசித்திரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தா செலவை ஏத்துக்கும், வீட்டுக்குப் போனா கைவிட்டுடும்.

அயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட்னு ஒரு குழந்தை. பிறந்து அஞ்சு மாசத்தில் மூளைக்காய்ச்சல் வந்து, வெண்டிலேட்டரோடவே ஆஸ்பத்திரியில் வளர்ந்துச்சு. மூணு வயசில், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர்கள் சொன்னாலும் போக முடியலை. போனா மெடிகெய்ட் போயிடும். 1981 நவம்பரில் அதிபர் ரீகன் பத்திரிகையாளர் கூட்டத்தில் இதைச் சொன்னார்: ஆஸ்பத்திரியில் மாசம் 6,000 டாலர், வீட்டில் 1,000 டாலர்தான் ஆகும், ஆனா விதி விடமாட்டேங்குது. அந்த டிசம்பரில் கேட்டி வீட்டுக்குப் போனாள். 34 வயசு வரை, 2012 வரை வாழ்ந்தாள்.

அதே 1981-ல் வந்த 1915(சி) என்ற சட்டப்பிரிவு, வீட்டுப் பராமரிப்புக்கு மெடிகெய்ட் பணத்தைச் செலவு பண்ண மாநிலங்களுக்கு வழி கொடுத்தது. இங்க ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, அந்த 1,000 டாலர் கணக்கில் வீட்டு ஆளுங்களோட உழைப்புக்கு விலை கிடையாது. வீடு மலிவா இருக்கறதே அதனாலதான். ரெண்டு, நர்ஸிங் ஹோம் செலவை மாநிலங்கள் கொடுத்தே ஆகணும், அது கட்டாயம். வீட்டுப் பராமரிப்போ விருப்பப்பட்டா கொடுக்கலாம்! இந்த ரெண்டாவது பாயிண்ட்டை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, கடைசியில் வேணும்.

இந்தத் திட்டங்களில் வளர்ந்த மகனோ, அக்காவோ சம்பளம் வாங்கிப் பாத்துக்க நிறைய மாநிலங்களில் வழி இருந்தது. ஆனா கணவன், மனைவி, மைனர் பிள்ளைகளின் பெற்றோர், இவங்க "சட்டப்படி பொறுப்பானவங்க". பாத்துக்கறது உங்க கடமை, கடமைக்குக் காசு எதுக்குங்கறதுதான் வாதம். கலிஃபோர்னியாவின் ஐ.எச்.எஸ்.எஸ். போல சில திட்டங்கள் நிபந்தனைகளோட விட்டுக் கொடுத்தன. பல இடங்களில் கதவு சாத்தியே இருந்தது.

2020

பிப்ரவரி 2020-ல் வாஷிங்டன் மாநிலம் கிர்க்லாண்டில் ஒரு நர்ஸிங் ஹோமில் கொரோனா பரவினது உலகத்துக்கே செய்தி. பாதுகாப்பான இடம்னு நினைச்ச நர்ஸிங் ஹோம்தான் ஆபத்தான இடம்னு ஆயிடுச்சு. வீடுகளிலும் சிக்கல். ஒரே நாளில் நாலு வீட்டுக்குப் போற உதவியாளருக்கு மாஸ்க் இல்லை. அவங்களை உள்ளே விட வீட்டுக்காரங்களுக்கும் பயம். டே சென்டர், பள்ளிக்கூடம் எல்லாம் மூடியாச்சு. கடைசியில் மிஞ்சினது யாருன்னா, விதி சம்பளம் கொடுக்கக் கூடாதுன்னு சொன்ன அதே அம்மா, அதே கணவன்.

அப்பதான் அப்பெண்டிக்ஸ் 'கே' என்ற படிவம் வேலைக்கு வந்தது. அவசர காலத்தில் மாநிலங்கள் இதை நிரப்பிக் கொடுத்தா 1915(சி) திட்டத்தின் விதிகளைத் தற்காலிகமாத் தளர்த்தலாம். மாநிலங்கள் இதை வெச்சு நேரில் செய்யற மதிப்பீட்டைப் போன், வீடியோவுக்கு மாத்தினாங்க. கையெழுத்தை எலக்ட்ரானிக் ஆக்கினாங்க. பயிற்சி நிபந்தனைகளைத் தளர்த்தினாங்க. பல மாநிலங்கள் பெற்றோருக்கும் கணவன் மனைவிக்கும் சம்பளம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 2021-ல் வந்த நிவாரணச் சட்டம், வீட்டுப் பராமரிப்புக்கான மத்திய அரசின் பங்கை ஒரு வருஷத்துக்கு 10 சதவீதப் புள்ளி உயர்த்தியது.

எண்பது வருஷமா "இது வேலையா, கடமையா?"ன்னு இழுத்துக்கிட்டிருந்த கேள்விக்கு, ஒரு படிவம் சில வாரங்களில் "வேலைதான்"னு பதில் சொல்லிடுச்சு.

பில் வந்தது

நம்ம தொழிலில் தற்காலிக பேட்ச் ஒண்ணு போட்டா அதுவே நிரந்தரம் ஆயிடும் :-) இங்கேயும் கொஞ்சம் அப்படித்தான். அவசர நிலை 2023 மே 11 அன்று முடிஞ்சது. அப்பெண்டிக்ஸ் 'கே' சலுகைகளுக்கு அதிலிருந்து ஆறு மாசம், அதாவது நவம்பர் 11 வரை. அதுக்குள்ள பல மாநிலங்கள் பெற்றோர் சம்பளத்தை நிரந்தரத் திட்டத்தில் சேர்த்தன.

இந்தியானாவில் வேற மாதிரி ஆச்சு. 2023 டிசம்பரில், மெடிகெய்ட் கணக்கில் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் துண்டு விழுதுன்னு மாநில அரசு அறிவிச்சது. காரணமாக் கைகாட்டினதில் முக்கியமானது வீட்டுப் பராமரிப்புச் செலவு, குறிப்பா சொந்தப் பிள்ளையைப் பாத்துக்கப் பெற்றோர் வாங்கின சம்பளம். 2024 ஜூலை 1 முதல் பெற்றோருக்கும் கணவன் மனைவிக்கும் மணிக்கணக்குச் சம்பளம் கிடையாது, வேற திட்டத்தில் நாள் கணக்கில் ஒரு தொகைன்னு மாத்தினாங்க. பெற்றோர்கள் பிள்ளைகளை வீல்சேரில் கூட்டிக்கிட்டுச் சட்டமன்றத்துக்கே வந்து போராடினாங்க.

அரசாங்கத்தோட பக்கமும் இருக்கு. மணிக்கணக்கை யார் சரிபார்ப்பது? ஒரு அம்மா ஒரு நாளில் எத்தனை மணி நேரம் "பராமரிப்பு", எத்தனை மணி நேரம் சும்மா "அம்மா"? நியாயமான கேள்விதான். ஆனா செலவு எகிறினதுக்கு என் பார்வையில் இன்னொரு அர்த்தம் உண்டு. அந்த உழைப்பு அதுக்கு முன்னாடியும் இருந்தது. பில் மட்டும்தான் புதுசு. அம்மாவுக்குப் பதிலா வர நர்ஸே கிடைக்காத ஊரில், அம்மா வேலையை விட்டுட்டு ராத்திரி முழுக்க வெண்டிலேட்டர் அலாரத்துக்கு முழிச்சிருந்தா, அந்தக் குடும்பம் வாடகைக்கு என்ன பண்ணும்? இதுக்கு விதியில் பதில் இல்லை.

2025 ஜூலை 2 அன்று, எவலின் கோக் தோத்த இடத்துக்கே திரும்பறாப்பல, வீட்டுப் பராமரிப்பாளர்களின் ஓவர்டைம் உரிமையை நீக்க தொழிலாளர் துறை முன்மொழிஞ்சது. ரெண்டு நாள் கழிச்சு, ஜூலை 4 அன்று, மெடிகெய்ட் செலவைப் பெரிய அளவில் வெட்டற சட்டத்தில் அதிபர் ட்ரம்ப் கையெழுத்துப் போட்டார். ஞாபகத்தில் வெச்சுக்கச் சொன்னேனே, நர்ஸிங் ஹோம் கட்டாயம், வீடு விருப்பம். பணம் குறைஞ்சா மாநிலங்கள் எதில் முதலில் கை வைக்கும்னு ஊகிக்கறது கஷ்டமில்லை.

ஆள் கிடைக்காதபோது அது வேலை, பணம் பத்தாதபோது அது கடமை. இந்த வரலாற்றில் எனக்குத் தெரியறது இவ்வளவுதான். உங்களுக்கு வேற மாதிரி தோணினா பின்னூட்டத்தில் சொல்லுங்க, பேசுவோம்.

டிஸ்கி: டாலர் கணக்கெல்லாம் அந்தந்த வருஷத்து டாலர். 1981-ன் 6,000 டாலரை இன்னைய ரேட்டில் பெருக்கிட்டு என்னோட சண்டைக்கு வராதீங்க :-)