காற்றுக்கேற்ற பாய், எடைக்கேற்ற பலகை

விண்ட்சர்ஃபிங் தோன்றிய காலத்தில் கருவியைத் தேர்ந்தெடுக்கும் சிக்கலே இல்லை. எல்லோருக்கும் ஒரே பலகை, ஒரே பாய். அமெரிக்காவில் நியூமன் டார்பி பலகையில் பாய் பொருத்தும் முறையை 1965-இல் ‘பாப்புலர் சயின்ஸ்’ இதழில் விளக்கினார். கலிபோர்னியாவின் ஜிம் டிரேக்கும் ஹாயில் ஷ்வைட்சரும் 1967-இல் கடலில் இறக்கிய பலகையில், பாய்மரத்தை எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடிய மூட்டு இருந்தது. அதற்குக் காப்புரிமை கிடைத்தது 1970-இல். ‘விண்ட்சர்ஃபர்’ என்ற பெயரில் விற்ற அந்தக் கருவி 3.65 மீட்டர் நீளமும், 5 சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட பாயும் கொண்டது. ஐம்பது கிலோ சிறுவனுக்கும் தொண்ணூறு கிலோ ஆளுக்கும் அதுவேதான்.

விளைவு போட்டிகளில் தெரிந்தது. மெல்லிய காற்றில் எடை குறைந்தவர் முந்தினார். காற்று வலுத்தால் பாயை அடக்கிப் பிடிக்கும் கனத்த உடல் வென்றது. கருவியை மாற்ற முடியாததால் போட்டி நடத்தியவர்கள் வீரர்களை எடைப் பிரிவுகளாகப் பிரித்தார்கள். 1976-இல் பஹாமாஸில் நடந்த உலகப் போட்டியில் 13 வயது ராபி நெய்ஷ் பட்டம் வென்றது இந்த ஒற்றைக் கருவிக் காலத்தில்தான்.

முடிச்சை அவிழ்த்தது ஹவாய். அங்கே வீசும் வலுவான காற்றிலும் அலையிலும் நீளப் பலகை கட்டுக்கு அடங்கவில்லை. 1970-களின் பிற்பகுதியில் பலகை குறுகியது. காலை நுழைத்துக்கொள்ளும் வார்கள் வந்தன. பாயின் இழுப்பைக் கையிலிருந்து இடுப்புக்கு மாற்றும் கச்சை பரவியது. நின்றால் அமிழ்ந்துவிடும், ஓடினால் மட்டும் மிதக்கும் ‘சிங்கர்’ பலகைகளும் அப்போது வந்தவையே. அதற்குப் பிறகு பலகையை மீட்டரில் அளப்பது பின்தங்கி, லிட்டரில் அளப்பது வழக்கமானது. இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் அதுதான். ஒரு லிட்டர் கொள்ளளவு நன்னீரில் ஒரு கிலோவைத் தாங்கும். ஆகவே உடல் எடையைச் சொன்னாலே பலகையின் அளவுக்கு ஒரு தொடக்கப்புள்ளி கிடைத்துவிடுகிறது.

ஒலிம்பிக் மட்டும் ஒற்றைக் கருவியை விடவில்லை. 1984-இல் விண்ட்கிளைடர், 1996 முதல் 2004 வரை மிஸ்ட்ரல், 2008-இலிருந்து ஆர்எஸ்எக்ஸ், 2024-இல் நீருக்கு மேலே எழும்பி ஓடும் ஐக்யூஃபாயில் என்று பெயர்கள் மாறின. ஆர்எஸ்எக்ஸில் ஆண்களுக்கு 9.5, பெண்களுக்கு 8.5 சதுர மீட்டர் பாய். கருவி உடலுக்கு ஏற்ப அமையாமல், கருவிக்குப் பொருந்தும் உடல்களே மேடையேறின. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஈபாத் அலி வெண்கலம் வென்றதும் ஆர்எஸ்எக்ஸில்தான். ஒலிம்பிக் அதை அதற்குள் கைவிட்டிருந்தது.

பந்தயத்துக்கு வெளியே கணக்கு எளிது. கற்றுக்கொள்பவருக்கு எடையின் இருமடங்கு அளவிலான லிட்டர் வேண்டும். பழகியவருக்கு எடையோடு இருபது, முப்பது லிட்டர் கூட்டினால் போதும். பாயைக் காற்று முடிவு செய்கிறது. 75 கிலோ எடையுள்ளவருக்கு 14 நாட் (மணிக்குக் கடல் மைல்) காற்றில் ஏறத்தாழ 7 சதுர மீட்டர், 20 நாட் காற்றில் 5 சதுர மீட்டர். ஆறு நாட் வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 20 நாட் காற்று 14 நாட் காற்றைப்போல் இரு மடங்கு இழுக்கும்.

இந்தக் கணக்கைப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையில் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. தென்னிந்தியாவில் காற்றுக்குப் பேர்போன இடங்கள் சில அங்கே இருக்கின்றன. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் காற்று அதன் வழியே கோயம்புத்தூர்ப் பக்கம் பாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் வறண்ட கீழைக்காற்று எதிர்த்திசையில் மேற்கே போகிறது. 1990-களில் கேரள மின் வாரியம் கஞ்சிக்கோட்டில் 225 கிலோவாட் காற்றாலைகளை நிறுத்தியது. பிற்பாடு கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் இராமக்கல்மேட்டில் 750 கிலோவாட் காற்றாலைகள் எழுந்தன. காற்றாலைக்காரர் பல வருடச் சராசரியைப் பார்த்துக் கருவியை ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார். பாய்ப்பலகைக்காரருக்கு அடுத்த ஒரு மணி நேரம்தான் கணக்கு.

காற்றுமானி காட்டும் வேகம் ஒன்றாக இருந்தாலும் உயரம் கணக்கை மாற்றும். கடல் மட்டத்தைவிட ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் பத்து விழுக்காடு குறைவு. கடற்கரையில் 5 சதுர மீட்டர் பாய் தரும் இழுப்பை அங்கே பெற 5.5 தேவை. இடுக்கி அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 2,403 அடி, அதாவது ஏறத்தாழ 730 மீட்டர்; அங்கே இழப்பு ஏழு விழுக்காட்டை ஒட்டியிருக்கும். அணைநீர் நன்னீர் என்பதால் பலகையின் மிதப்பும் கடலைவிட இரண்டரை விழுக்காடு குறையும். பழகியவர் இதைப் பெரிதாக உணரமாட்டார். சிங்கர் பலகையில் நிற்பவர் உணர்வார். இவற்றைவிடப் பெரிய தொல்லை மலை மறைப்பு. 1955-இல் கட்டி முடிந்த மலம்புழா போன்ற மலையடிவார நீர்த்தேக்கத்தில் காற்று சீராக வராமல் குத்துக்குத்தாக வரும். சராசரி வேகத்துக்கு ஏற்ற பாயை எடுத்தால் குத்துக்காற்றில் ஆள் கவிழ்வார். பாயில் ஓர் அளவு குறைத்து, பலகையில் சில லிட்டர் கூட்டிக்கொள்வதே அத்தகைய நீருக்குப் பாதுகாப்பு.

சீரான காற்றைத் தேடுபவர் கிழக்கே இராமேசுவரம் வரை போக வேண்டியிருக்கிறது. தனுஷ்கோடி மணல்திட்டின் வடபுறம் பாக் விரிகுடா, தென்புறம் மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்றில் வடபுறமும், வடகிழக்குக் காற்றில் தென்புறமும் நீர் அலையின்றித் தட்டையாகக் கிடக்கும்; அங்கே குறுகிய பலகையும் அதன் அடியில் சிறிய ஃபினும் (துடுப்பும்) போதும். மறுபக்கம் அலை உண்டு, ஆனால் காற்று கரையை நோக்கி அடிப்பதால் கருவி பழுதானவர் கரைக்கே ஒதுங்குவார். தட்டையான பக்கத்தில் அதே காற்று அவரை நடுக்கடலுக்குத் தள்ளும். அந்தப் பக்கம் இறங்குபவருக்கு, நின்றாலும் எடையைத் தாங்கும் லிட்டருள்ள பலகை அவசியம். தேவைக்கேற்ப மிதப்பை மாற்றுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரைக் கட்டுமரக்காரர்களும் பிடிக்கப் போகும் மீனைப் பொறுத்துக் கட்டைகளைக் கூட்டிக் குறைத்தார்கள். கோலா மீனுக்குத் தொலைவு போகும் மரத்தில் கூடுதல் கட்டைகள் சேர்ந்தன.